நான்காவது சொட்டு

பதினேழாம் ஒலித்துண்டில் ஒரு குழாய் சொட்டியது.

சொட்டுவது பெரிய குற்றமில்லை. உலகத்தில் ஒழுங்காக மூடுகிற குழாய் எத்தனை இருக்கிறது? ஆனால் இந்தக் குழாய் மூன்று முறை சொட்டிவிட்டு, மறந்துபோன எதையோ நினைத்துக்கொள்வதுபோல் நின்று, நான்காவதைக் கொஞ்சம் கனமாக விட்டது. டக், டக், டக்... டக்.

காதம்மாவின் விரல் பொத்தான்மேல் அப்படியே நின்றது. அவளுக்கு அந்தக் குழாயைத் தெரியும். இன்று காலையில்தான் அதன் கீழே ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

குழாய்ச் சத்தத்துக்கு முன்னால் ஒரு பெண் பேசினாள். "ராத்திரி ரொம்ப நேரம் முழிச்சிருக்காத. கண்ணு கெட்டுப்போயிடும்." அவ்வளவுதான் வாக்கியம். குரல் யாருடையது என்று உடனே பிடிபடவில்லை. குழாயை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. குழாய் தன் வீட்டுக் குழாய் என்றால், அங்கே நின்று பேசுகிறவள் வேறு யாராக இருக்க முடியும்?

அவளேதான்.

காதம்மா என்பது அலுவலகம் வைத்த பெயர். தெருமுனையில் பேருந்து திரும்பும் சத்தத்தை வைத்து எந்தச் சக்கரத்தில் காற்றுக் குறைவு என்று அவள் சொல்லிவிட்டதாகவும், ஓட்டுநர் இறங்கித் தட்டிப் பார்த்துவிட்டு அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனதாகவும் அங்கே ஒரு கதை உண்டு. கும்பிடு போட்டது பொய். மற்றது நிஜம். அப்பேர்ப்பட்ட காதுக்கும் தன் குரல் மட்டும் அந்நியம்தான். யாருக்கும் அப்படித்தான், சொந்தக் குரலை உள்ளிருந்தே கேட்டுப் பழகிவிடுகிறோம், வெளியிலிருந்து கேட்டால் யாரோ மாதிரி இருக்கிறது.

அவளுடைய வேலை கேட்பது. கேட்டுவிட்டு மார்க் போடுவது. தொலைபேசியிலும் வீடியோ அழைப்பிலும் நாம் பேசுகிற பேச்சு முழுசாகப் போவதில்லை. பொடிப்பொடியாக நறுக்கி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வழியில் அனுப்புகிறார்கள். சில பொட்டலங்கள் முந்தும், சில பிந்தும், சில எங்கேயோ டீ குடிக்கப் போனவைபோல் திரும்பாமலே போய்விடும். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பேச்சு எவ்வளவு தேறும் என்று மனிதக் காதுதான் சொல்ல வேண்டும். மிக நன்று என்றால் ஐந்து. மிக மோசம் என்றால் ஒன்று. அடுத்த அறையில் உட்காருகிற ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் எல்லாவற்றுக்கும் மூன்று போடுவார். முப்பத்தைந்து வருஷப் பழக்கம். காதம்மா அப்படியில்லை. அவள் போட்ட மார்க்கை யாரும் இரண்டாவது முறை சரிபார்த்ததில்லை.

இந்த வேலையில் ஒரு தந்திரம் உண்டு. கெட்டுப்போன துண்டுகளுக்கு நடுவே, கேட்பவருக்குச் சொல்லாமல், எந்தப் பழுதும் படாத அசலை ஒளித்து வைப்பார்கள். அசலுக்கு ஒருவர் நான்குக்குக் கீழே போட்டால் அது ஒரு பிழை. மூன்று பிழை சேர்ந்தால் அந்தக் காது செல்லாது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பதினோரு வருஷத்தில் காதம்மாவுக்கு ஒரு பிழைகூடக் கிடையாது.

அவள் கணவர் அங்கேயே பொறியாளர். வழியில் தொலைந்த பொட்டலத்தின் இடத்தில், முன்னால் வந்த குரலைப் பார்த்து ஊகித்து, இட்டு நிரப்புகிற கருவி அவருடையது. நிரப்பி என்று பெயர். முதலில் அது கண் சிமிட்டும் நேரத்தை நிரப்பியது. பிறகு அரை வார்த்தையை. பிறகு ஒரு வார்த்தையை, வீடியோவில் ஒரு முகபாவத்தையும். "தொலஞ்சது தெரியலைன்னா, தொலையவே இல்லைன்னுதான் அர்த்தம்," என்பார். வீட்டில் அவர் பேசிய நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

நாளைக் காலை ஏழு மணி ரயிலில் காதம்மா அவரைவிட்டுப் போகிறாள். அது குட்டிக்கு மட்டும் தெரியும். குட்டி என்பது மகள். வேறு ஊரில் வேலை, சின்னதாக ஒரு வீடு, அதில் அம்மாவுக்கென்று ஒரு ஜன்னலோரக் கட்டில். பெட்டி கட்டிலுக்கடியில், பழைய போர்வைக்குப் பின்னால் தயாராக இருக்கிறது. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் சொன்ன எதையும் அவர் காதில் வாங்கியதில்லை, அவ்வளவுதான். குழாயைப் பற்றியே வருஷக்கணக்காகச் சொல்லியாகிவிட்டது. "நாளைக்குப் பாக்கறேன்" என்பார். இன்று சனிக்கிழமை, அலுவலகத்துக்கு விடுமுறை. "கடைசியா ஒரு டெஸ்ட் இருக்கு, வந்துடு" என்று கூப்பிட்டார். நாளைக்கே போகப்போகிறவளுக்குக் கொஞ்சம் இரக்கமாக இருந்தது. வந்தாள்.

அது என்ன கடைசி என்று அப்போது அவள் கேட்கவில்லை.

அந்த அறைக்குப் பஞ்சறை என்று பெயர். நாலு சுவரிலும் கூரையிலும், மிதித்து நடக்கும் கம்பி வலைக்குக் கீழே தரையிலும், ஆப்பு ஆப்பாகச் சாம்பல் நிறப் பஞ்சு. அதற்குள் போன சத்தம் எதுவும் வெளியே வராது, சுவரில் பட்டுத் திரும்பவும் வராது, கை தட்டினால் தட்டியது வேறு யாரோ என்பதுபோல் அந்த இடத்திலேயே செத்து விழும். ஜன்னல் இல்லை, காற்று நகர்வதில்லை, ஈரக் கம்பளி காய்ந்த மாதிரி ஒரு வாடை மட்டும் எப்போதும் உண்டு. ஐந்து நிமிஷம் சும்மா இருந்தால் தன் கழுத்து நரம்பில் ரத்தம் ஓடுவதும், எச்சில் இறங்குவதும், இமை இமையோடு ஒட்டிப் பிரிவதும் தனித்தனியாகக் கேட்கும். அடுத்தடுத்து இரண்டு கதவு, ஒவ்வொன்றும் ஒரு சாண் தடிமன். டெஸ்ட் ஓடும்போது யாரும் நடுவில் புகுந்து கெடுக்கக் கூடாது என்று அவை தானாகப் பூட்டிக்கொள்ளும். மேலே சிவப்பு விளக்கு எரியும். கடைசி மார்க் விழுந்ததும் பச்சையாகும். எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர், பக்கத்தில் ஒரு திரை, மேஜையில் ஒரு மைக், ஐந்து பொத்தான். அவ்வளவுதான் உலகம்.

பின்னணியில் சொட்டுச் சத்தம். சத்தம் என்றால் பழுது. தொழில் என்றால் தொழில்தான்; சொந்தக் குழாய் என்று சலுகை கிடையாது. காதம்மா இரண்டு போட்டாள்.

பதினெட்டாம் துண்டு வந்தது. அதே வாக்கியம். அதே குரல். "ராத்திரி ரொம்ப நேரம் முழிச்சிருக்காத. கண்ணு கெட்டுப்போயிடும்." குழாய் இல்லை. குரலில் கரகரப்பு இல்லை. சலிப்பு இல்லை. கழுவித் துடைத்து வெயிலில் வைத்தது மாதிரி இருந்தது. கை தானாக ஐந்துக்குப் போய் அழுத்திவிட்டது.

அழுத்தின பிறகுதான் உறைத்தது. இரண்டில் எது அசல்?

குழாய் சொட்டியதுதான். அதுதான் அவள் வாயிலிருந்து வந்தது. அதற்கு அவளே இரண்டு போட்டிருந்தாள், திரை பிழை என்றும் சொல்லவில்லை.

பேசும் பொத்தானை அமுக்கினாள். "என்னங்க, இது நம்ம வீட்டுல எடுத்ததா?"

வெளியே கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவர் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "எது?"

"எதுன்னா? நான் குட்டிகிட்ட பேசினது. நம்ம குழாய் சொட்டுது அதுல."

"பழைய பதிவுல ஏதாவது கலந்திருக்கும். நீ மார்க்கைப் போடு."

"எப்ப பதிவு பண்ணீங்க?"

"போடும்மா. டெஸ்ட் நடுவுல நிறுத்தக் கூடாது. உனக்குத் தெரியாததா?"

தெரியும். அவளுக்குத் தெரிந்தது இன்னொன்றும் உண்டு. போன வருஷம் வீட்டில் அலுவலக லைனை இழுத்துக் கொடுத்தது அவர். "குட்டிகூட பேசறப்ப விட்டு விட்டு வருதுன்னு சொன்னியே." அன்றைக்கு அவள் கண் கலங்கிவிட்டது, மனுஷன் ஒரு வாக்கியத்தையாவது காதில் வாங்கினாரே என்று. இப்போது புரிந்தது. அவள் பேசியதில் ஒரு வார்த்தையையும் அவர் கேட்கவில்லை. ஒரு வார்த்தையைக்கூடப் பதிவு பண்ணாமல் விடவும் இல்லை.

மூன்று வாரமாக இந்த அறையில் அவள் மார்க் போட்ட துண்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. அரை வார்த்தை. கால் வார்த்தை. ஒரு பெண்ணின் மூச்சு. ஒரு 'ம்'. யாரோ என்று நினைத்து, இது கரகரப்பு, இது வறட்சி, இது உயிரில்லை, இது பரவாயில்லை என்று நேர்மையாகப் பிரித்துக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு மார்க்கும் ஒரு திருத்தம். தையற்காரனுக்கு அளவு கொடுப்பதுபோல் நின்று நின்று கொடுத்திருக்கிறாள்.

பத்தொன்பதாம் துண்டு.

"குட்டி, நாளைக்கு நான் வரலடா. அப்பாவைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது? இங்கேயே இருந்துடறேன்."

இதை அவள் சொல்லவே இல்லை. எந்த நாளும் இல்லை. ஆனால் 'எப்படி' என்ற இடத்தில் குரல் லேசாக இழுத்தது. அவள் இழுப்பது மாதிரியே. முடிவில் ஒரு சின்ன மூச்சு, அவளுடையதே.

பொத்தான்கள் ஐந்தும் மஞ்சளாக ஒளிர்ந்தன. எத்தனை?

எழுந்தாள். கம்பி வலை காலடியில் அசைந்தது. கதவின் பிடியை இழுத்தாள், இரண்டு கையாலும் இழுத்தாள், தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு அசையவில்லை. உள்ளங்கையால் அடித்தாள். அடித்த சத்தம் அவள் கைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

"திறங்க."

பஞ்சு அந்த வார்த்தையைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தது.

"நாலு மணி ஆகப்போவுது," என்றார் அவர், ஸ்பீக்கரில். "உக்காரு. குட்டி வந்துடுவா."

சனிக்கிழமை நாலு மணி என்றால் குட்டியின் அழைப்பு. திரை ஒளிர்ந்தது. இரண்டு கட்டம். இடப்பக்கம் குட்டி, தலையைத் துவட்டிக்கொண்டே, பின்னால் அந்த ஜன்னலோரக் கட்டில், அதன்மேல் புது விரிப்பு. வலப்பக்கம் காதம்மாவின் சமையலறை. அதில் காதம்மா.

நீலச் சட்டை போட்டிருந்தாள். அந்தச் சட்டை வீட்டுக் கொடியில் இன்னும் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

"அம்மா! என்னம்மா நீ, புதன்கிழமை பேசினதுலேருந்து ஆளே மாறிட்டே. சிரிச்சிட்டே இருக்கே?"

புதன்கிழமை காதம்மா பேசவில்லை.

"வயசாவுதில்ல? மூஞ்சிய உம்முன்னு வெச்சிக்கிட்டா சுருக்கம் விழும்னு பயம்," என்றாள் மற்றவள்.

குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். இப்படிக் காதம்மாவிடம் அவள் சிரித்து வருஷக்கணக்காகிறது. காதம்மா பேசினால் சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஏன் இளைத்துவிட்டாய். அவ்வளவுதான் பேச வந்தது.

"குட்டி," என்று அப்பாவின் குரல் குறுக்கிட்டது. "லைனுக்கு மார்க் போடணும், ஞாபகம் இருக்கா?"

"ஐயோ ஆமாப்பா. உன் வேலைக்குச் சம்பளமில்லாத ஆளு நான் ஒருத்தி." மற்ற பிள்ளைகள் அப்பாவிடம் மார்க் வாங்கி வளர்ந்தார்கள்; குட்டி அப்பாவுக்கு மார்க் போட்டு வளர்ந்தாள். "இப்ப பேசினதுக்கு அஞ்சு. கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு. பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு."

"ரெண்டாவது மாதிரி வரும். படம் இருக்காது, குரல் மட்டும். கேட்டுட்டுப் போடு."

காதம்மாவின் மைக்கில் பச்சைப் பொட்டு எரிந்தது.

அவளுக்கு விளங்கியது. அசலை ஒளித்து வைக்காமல் டெஸ்ட் செல்லாது. அவர் எப்போதும் முறைப்படி செய்கிற மனிதர்.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "குட்டி! குட்டி, அம்மாடா. அது நான் இல்ல. நான் ஆபீஸ்ல இருக்கேன், அந்தப் பஞ்சறையில, கதவு பூட்டியிருக்கு. யாரையாவது அனுப்பு. நாளைக்கு நான் வர்றேன். கட்டாயம் வர்றேன். அது சொல்றதை நம்பாத!"

எதிரொலியே இல்லாத அறையிலிருந்து போன குரல். சுவர் இல்லை, கூரை இல்லை, வீடு இல்லை. மண்ணுக்கடியிலிருந்து வருவது மாதிரிப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

குட்டி முகத்தைச் சுளித்தாள். "ச்சீ. என்னப்பா இது? யாரு இது? அம்மா மாதிரி பேச வெச்சிருக்கியா? பேய் மாதிரி இருக்கு."

"மார்க்?"

"குட்டி, கண்ணு, கேளு—"

"ஒண்ணு. ஒண்ணுக்குக் கீழ இருந்தா அதைப் போடுவேன். நிறுத்துப்பா, எனக்கு ஒரு மாதிரி ஆவுது."

இன்னும் பச்சைப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. குட்டிக்கு நாலு வயதில் இருட்டென்றால் பயம். அப்போதும் அந்தக் குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. நாம மூணு பேர், அது நாலாவது ஆள், காவலுக்கு நிக்குது என்று சொல்லி வைத்திருந்தாள். விளக்கை அணைத்ததும் அம்மா நாக்கால் மூன்று சொட்டுவாள். நான்காவது குட்டியுடையது. அது வந்துவிட்டால் குட்டி தைரியமாக இருக்கிறாள் என்று அர்த்தம். இந்த விளையாட்டைப் போனில் ஆடியதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. பதிவில் இருக்க வழியே இல்லை.

உதட்டை மைக்கோடு ஒட்டி வைத்தாள்.

டக். டக். டக்.

குட்டியின் முகம் நின்றுவிட்டது. துவட்டிய துண்டு தோளில் நின்றது. கண் அகலமானது. உதடு பிரிந்தது.

ஒரு நொடி.

காதம்மா மூச்சுவிடவில்லை. சொல்லு. சொல்லு, கண்ணு.

இடைவெளி. இடைவெளி என்றால் நிரப்புவதுதானே நிரப்பியின் வேலை.

டக், என்றாள் சமையலறையில் நின்றவள்.

"அம்மா!" குட்டி கத்தினாள். "நீதானா? இவ்வளவு நேரம் அப்பாவும் நீயும் சேந்து என்னைப் பயமுறுத்தினீங்களா? நான் நெஜமாவே நடுங்கிட்டேன், தெரியுமா!" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அந்தக் குழாயைத்தான் புதன்கிழமையே சரி பண்ணியாச்சே. நீ ஒரு தடவை சொன்னதும் அப்பா பண்ணிட்டாருன்னு சொன்னியே."

"ஆமாடா. பாவம், நல்ல மனுஷன்," என்றாள் மற்றவள். பிறகு, 'எப்படி' என்ற இடத்தில் லேசாக இழுத்து, அந்த வாக்கியத்தைச் சொன்னாள். நாளைக்கு நான் வரலடா.

குட்டியின் முகம் கொஞ்சம் வாடியது. கொஞ்சம்தான். "சரி விடும்மா. நீ சந்தோஷமா இருந்தா சரி. தினமும் பேசு, அது போதும்."

பச்சைப் பொட்டு அணைந்தது. இடப்பக்கக் கட்டம் அணைந்தது. கட்டில் போயிற்று, புது விரிப்பு போயிற்று.

"ரொம்ப நன்றி," என்றார் அவர். அந்த வார்த்தையை இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாகச் சொன்னார். "கடைசி ஒண்ணு இருக்கு. மார்க்கைப் போட்டுடு, கதவு திறந்துக்கும்."

ஸ்பீக்கரில் நாற்காலி உருண்டது. விளக்கு சொடுக்கும் சத்தம். அவர் செருப்பு, வலது கால் சற்றே தேய்த்து, நடைபாதையில் சிறுத்துச் சிறுத்துப் போய் மறைந்தது.

வலப்பக்கக் கட்டம் அணையவில்லை. பேச அந்தப் பக்கம் ஆள் இல்லை. நிரப்ப எதுவும் இல்லை. அணைந்திருக்க வேண்டும். சமையலறை இருந்தது. மற்றவள் இருந்தாள். பாத்திரத் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கீழே எழுத்து: ஐந்தில் எத்தனை?

காதம்மா ஒன்றை அமுக்கினாள்.

'அசலுக்கு நான்குக்குக் கீழ். பிழை 1. மறுபடி பார்க்கவும்.'

அசலுக்கு.

மறுபடி சமையலறை. மற்றவள் துடைப்பதை நிறுத்தியிருந்தாள். ஒன்றை அமுக்கினாள். ஓங்கிக் குத்தினாள்.

'பிழை 2. மறுபடி பார்க்கவும்.'

இன்னும் ஒன்று. அதற்குப் பிறகு பட்டியலில் பெயர் இருக்காது. ஐந்தைப் போட்டால் கதவு திறக்கும். போட்டால், அதுதான் அசல் என்று அவள் கையால் எழுதிக் கொடுத்ததாகும். ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

நேரம் போனது தெரியவில்லை. ஸ்பீக்கரில் பூட்டுத் திறந்தது. ஒன்றரைச் சுற்று, கடைசியில் ஒரு கரகரப்பு. அவள் வீட்டு வாசல் பூட்டு. வலது கால் சற்றே தேயும் நடை.

"வந்துட்டீங்களா? முகம் கழுவிட்டு வாங்க," என்றாள் மற்றவள், அந்தப் பக்கம் திரும்பி.

மேஜைமேல் கோப்பை வைத்த ஓசை. விளிம்பு உடைந்த கோப்பை. அது காதம்மாவுடையது.

நாற்காலி இழுபட்டது. அவர் குரல், நிதானமாக: "இன்னிக்கு என்னென்ன நடந்தது, சொல்லு. கேக்கறேன்."

பஞ்சறையில் விளக்கு அணைந்தது. சிவப்பு மட்டும். ஐந்து பொத்தான் மட்டும். திரை மட்டும்.

மற்றவள் துணியைக் கீழே வைத்தாள். திரைக்கு அருகே வந்தாள். இன்னும் அருகே. குனிந்தாள். கண் நேராகக் காதம்மாவின் கண்ணில் வந்து நின்றது. உதடு மெல்லப் பிரிந்தது.

டக்.

டக்.

டக்.

நின்றாள். காத்திருந்தாள்.

காதம்மா வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். இறுக்கி. பல் உதட்டில் பதிய. ரத்தம் கழுத்தில் ஓடுவது கேட்டது. இமை ஒட்டிப் பிரிவது கேட்டது. இடைவெளி நீண்டது. தாங்க முடியாமல் நீண்டது.

பொத்திய கைக்குள், அவளைக் கேட்காமல், அவள் நாக்கு அதை நிரப்பியது.

டக்.